கையேட்டில் இல்லாத வளாகங்கள்: டர்பனிலிருந்து பிரிட்டோரியா வரை

ஜூலை 14, திங்கட்கிழமை – டர்பன்

தென்னாப்பிரிக்காவில் வாழும் என் தங்கையின் மகள் இவ்வாண்டு மெட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வை எழுதுகிறாள். உளவியல் படிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் விருப்பம். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள அவர்கள் வீட்டுக்கும் அவளுடைய கைப்பேசிக்கும் சில மாதங்களாக வந்து குவிந்த கல்லூரிக் கையேடுகளை அவள் ஒரு கோப்பில் ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தாள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் வெட்டிச் சீர்செய்த புல்வெளி, கண்ணாடிச் சுவர், மடிக்கணினியைச் சுற்றி அமர்ந்து சிரிக்கும் பிள்ளைகள். அப்படங்களில் ஒன்றை அவள் இணையத்தில் தேடிப் பார்த்தபோது, அதே பிள்ளைகள் அதே சிரிப்புடன் கனடாவிலுள்ள ஒரு மொழிப் பள்ளியின் விளம்பரத்திலும் இருந்தார்கள். அதைக் கண்ட பிறகுதான், பள்ளி விடுமுறையில் நாங்கள் மூவரும் காரிலேயே போய், தோரணம் கட்டிய ‘ஓப்பன் டே’ நாட்களில் அல்லாமல் சாதாரண வார நாட்களில், இந்தக் கல்லூரிகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்து வருவதென முடிவு செய்தோம். சனிக்கிழமை தோறும் கோயில் மண்டபத்தில் நான் நடத்தும் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் பலரும் இதே கவலையில் இருப்பதால், கண்டவற்றையும் கேட்டவற்றையும் நாள் வாரியாக எழுதுகிறேன்.

பணத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என்எஸ்எஃப்ஏஎஸ் என்னும் அரசு உதவித்தொகை, பொதுவாகக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ராண்டைத் தாண்டாதவர்களுக்கு, அதுவும் அரசுப் பல்கலைக்கழகத்திலோ அரசுத் தொழிற்கல்லூரியிலோ படிப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். தனியார் கல்லூரியில் சேர்ந்தால் ஒரு காசும் வராது. என் தங்கையும் அவள் கணவரும் சேர்ந்து ஈட்டுவது அந்த எல்லையைச் சற்றே தாண்டிவிடுகிறது. ஆகவே, செலவாகப் போவது முழுவதும் அவர்கள் பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்.

முதலில் குவாசூலு-நேட்டால் அரசுப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் கல்லூரி வளாகத்துக்குப் போனோம். அந்தப் பல்கலைக்கழகத்தில் உளவியல் இங்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் கற்பிக்கப்படுகிறது. வளாகம் குன்றின் மேல் இருக்கிறது. டர்பனில் குளிர்காலக் கடுமை என்று ஒன்றும் கிடையாது, இளவெயிலும் கடற்காற்றுமாக இதமாக இருந்தது. அங்கிருந்து பார்த்தால் துறைமுகம் முழுவதும் தெரிகிறது. அந்தத் துறைமுகத்துக்குள்தான் சாலிஸ்பரித் தீவு இருக்கிறது. நிறவெறி அரசின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர்களுக்கும் கறுப்பினத்தவர்க்கும் இத்தகைய வெள்ளையர் பல்கலைக்கழகங்களின் கதவை அடைத்த பிறகு, 1961இல் அந்தத் தீவிலிருந்த பழைய கடற்படைக் கட்டடங்களில்தான் இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரி தொடங்கினார்கள். எங்கள் சித்தப்பா படகேறிப் போய்ப் படித்தவர். அந்தக் கல்லூரி 1972இல் வெஸ்ட்வில் குன்றுக்குப் போய் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாயிற்று. 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. இந்த வரலாற்றை என் தங்கை மகளுக்குச் சொன்னபோது அவள் துறைமுகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “அப்போது தாத்தாக்களுக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லையா, பெரியம்மா?” என்று கேட்டாள். இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

வாசலில் அடையாள அட்டையைக் காட்டிக் கையொப்பமிட்டு உள்ளே போனோம். எங்களுக்கு வழிகாட்ட எவரையும் நாங்கள் கேட்கவில்லை. நூலகத்துக்கு வெளியே அமர்ந்திருந்த உளவியலில் ஆனர்ஸ் என்னும், பட்டத்துக்கு அடுத்த படிப்பைப் படிக்கும் மாணவி ஒருத்தி, எங்கள் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னாள்: முதலாண்டில் விரிவுரை மண்டபம் நிறைந்து வழியும், பேராசிரியருக்கு உன் பெயர் தெரியாது, ஆனால் டியூட்டோரியல் குழு சிறியது, அதைத் தவறவிடாதவர்கள் தேறிவிடுவார்கள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு குரங்கு வந்து என் தங்கையின் கைப்பையிலிருந்து உருளைக்கிழங்கு ரொட்டிப் பொட்டலத்தை உருவிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அதனால் மதியத்துக்குக் கால் பீன்ஸ் ‘பன்னி’ (குடைந்த கால் ரொட்டிக்குள் பீன்ஸ் கறி) வாங்கினோம். ஒன்று 50 ராண்ட். கேரட் சம்பலுடன் சூடாக இருந்தது.

பிற்பகலில், டர்பனுக்கு வடக்கே கடலைப் பார்த்து நிற்கும் ஒரு தனியார் கல்லூரிக்குப் போனோம். குளிரூட்டிய வரவேற்பறை, குளிர்ந்த நீர், கல்லூரிப் பெயர் அச்சிட்ட துணிப்பை. ‘சேர்க்கை ஆலோசகர்’ என்ற பெண் மிகவும் இனிமையாகப் பேசினார். மூன்றாண்டுப் பட்டம், ஆண்டுக்கு 80,000 ராண்டுக்கு மேல்; முடித்தால் “உளவியலாளர் ஆகும் பாதை திறந்துவிடும்”; படித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் வேலையில் இருக்கிறார்கள்; இன்றே முன்பணம் கட்டினால் பதிவுக் கட்டணத்தில் தள்ளுபடி. முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் மூன்றாம் ஆண்டில் இருக்கிறார்கள் என்று நான் கேட்டேன். அந்த விவரம் தலைமையகத்தில் இருக்கும் என்றார். அந்தப் பத்தில் ஒன்பது என்பது எல்லாப் பட்டதாரிகளிலுமா, கேள்வித்தாளுக்குப் பதில் எழுதியவர்களில் மட்டுமா என்று கேட்டேன். அதுவும் தலைமையகத்தில். அந்தப் பெண்மீது எனக்கு வருத்தம் இல்லை. தம்மிடம் கொடுக்கப்பட்டதை அவர் சொன்னார். ஆனால் ஆலோசகர் என்ற பெயரில் இருப்பவரின் வேலை சேர்க்கையை நிறைவேற்றுவது என்பதைப் பெற்றோர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நூலகத்தைப் பார்க்க வேண்டுமென்று நாங்களே கேட்டுத்தான் பார்த்தோம். ஓர் அறை, கணினிகள், இரண்டு அலமாரி நூல்கள். உளவியல் அலமாரியில் இருந்த பாடநூல்களில் பல, இப்போது வகுப்பில் பயன்படுத்தப்படும் பதிப்புக்கு முந்தியவை என்று என் தங்கை மகள் கண்டுபிடித்தாள்.

ஜூலை 15, செவ்வாய்க்கிழமை – பீட்டர்மாரிட்ஸ்பர்க், வேன் ரீனன் கணவாய்

டர்பனிலிருந்து 80 கிலோமீட்டர்தான். ஆனால் மாரிட்ஸ்பர்கின் காலைக் குளிர் வேறு நாட்டுக் குளிர் போலிருந்தது. வளாகம் அமைதியாக இருந்தது. காவலாளி முதியவர், “மா, யாரைப் பார்க்க வந்தீர்கள்?” என்று கேட்டார். குறிப்பாக எவரையும் இல்லை, இங்கே பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க வந்தோம் என்றதும், அவர் சிரிக்காமல் யோசித்துவிட்டுச் சொன்னார்: இரவுப் பணியில் நிற்கும்போது நூலக விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்பதை வைத்துத்தான் தாம் ஒரு வருடத்தை எடைபோடுவதாக. கையேடு அச்சிடுகிறவர்களுக்குத் தெரியாத செய்திகள் காவலாளிகளுக்கும் சிற்றுண்டிச்சாலைப் பெண்களுக்கும் தெரியும் என்று எனக்கு அப்போதே தோன்றிற்று. அன்றிலிருந்து போன இடமெல்லாம் முதலில் அவர்களிடமே பேசினோம்.

சிற்றுண்டிச்சாலையில் பரிமாறிய அம்மா, மாதக் கடைசியில் பிள்ளைகள் வெறும் தேநீரும் ரொட்டியும் மட்டும் வாங்குவதைப் பற்றிச் சொன்னார். உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் தமக்குத் தெரிந்த பிள்ளைகளுக்குக் கணக்கு வைத்துக் கொடுப்பாராம். கட்டணம் மட்டும் அல்ல, சாப்பாட்டுக்கும் மாதந்தோறும் கையில் பணம் இருக்க வேண்டும் என்பதைத் தங்கை அந்த மேசையிலேயே குறித்துக்கொண்டாள். நகரத்தை விட்டுப் புறப்படுமுன், 1893 ஜூன் 7ஆம் நாள் இரவு காந்தியை இறக்கிவிட்ட ரயில் நிலையத்தைப் பார்த்தோம். எதிரே ஒரு கடையில் பீன்ஸ் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டி 35 ராண்ட்.

ஜொகன்னஸ்பர்க் போகும் வழியில், மதியத்துக்குள் ஹாரிஸ்மித்தைத் தாண்டிவிடலாம் என்பது எங்கள் கணக்கு. வேன் ரீனன் கணவாயில் மூடுபனியில் இரண்டு லாரிகள் மோதிக்கொண்டதால் நெடுஞ்சாலை அடைபட்டுப் பல மணி நேரம் நின்றுவிட்டோம். குவாசூலு-நேட்டால், ஃப்ரீ ஸ்டேட் மாகாணங்கள் சந்திக்கும் அந்த உயரத்தில் காற்று ஊசியாகக் குத்தியது. எங்களுக்கு முன்னால் நின்ற லாரியின் ஓட்டுநர் இறங்கி வந்து, கால் விறைத்துப் போயிருந்த என் தங்கைக்குத் தம் குடுவையிலிருந்து சர்க்கரை மிகுந்த ரூய்போஸ் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நாங்கள் முறுக்குக் கொடுத்தோம். எங்கே போகிறோம் என்று கேட்டார், சொன்னோம். அதைக் கேட்டு அவர் சாலையோரத்திலேயே நின்று தம் மகளின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

அவருடைய மகள் ஜொகன்னஸ்பர்கில் ஒரு தனியார் கல்லூரியில் இரண்டாண்டு படித்தாள். கல்லூரிக்கு அரசுப் பதிவு இருந்தது. சுவரில் சான்றிதழ் மாட்டியிருந்தது. அவர் தாமே போய்ப் பார்த்தார். ஆனால் மகள் சேர்ந்த படிப்புக்குத் தர ஏற்பு இல்லை. கல்லூரியைப் பதிவு செய்வது உயர்கல்வித் துறை. ஒவ்வொரு படிப்பையும் தனித்தனியாக ஆராய்ந்து ஏற்பது உயர்கல்விப் பேரவை. அந்தத் தகுதி தேசியத் தகுதிச் சட்டகத்தில் ஏறியிருக்கிறதா என்பதைப் பதிவேட்டில் வைத்திருப்பது சாக்வா என்னும் தகுதி ஆணையம். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் பட்டம் பட்டம். கல்லூரியின் பதிவைப் பார்த்துவிட்டு, படிப்பும் அப்படியே என்று அவர் நம்பினார். அப்படி நம்பும்படிதான் கையேடு எழுதப்பட்டிருந்தது. பணம் திரும்பவில்லை. மகள் இப்போது லேடிஸ்மித்தில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படிக்கிறாள். “எண்ணைக் கேளுங்கள், மா” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சாக்வா பதிவேட்டில் ஒவ்வொரு தகுதிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதைக் கல்லூரியிடம் கேட்டு வாங்கி, அவர்கள் காட்டும் தாளில் அல்லாமல் சாக்வாவின் இணையப் பதிவேட்டிலேயே தேடிப் பார்க்க வேண்டும். கையேட்டில் உள்ள பெயரும் பதிவேட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

இருட்டிய பிறகுதான் சாலை திறந்தது. ஜொகன்னஸ்பர்கை அடுத்த லெனேசியாவில் அத்தை வீட்டை அடைந்தபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது.

ஜூலை 16, புதன்கிழமை – ஜொகன்னஸ்பர்க்

காலையில் காரின் கண்ணாடிமேல் உறைபனி படிந்திருந்தது. அத்தை வெந்நீர் ஊற்றக் கூடாது, கண்ணாடி விரிசல் விடும் என்று எச்சரித்துப் பழைய துணியால் துடைத்துக் கொடுத்தார்.

விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம் பிராம்ஃபொன்டைனில், நகரத்தின் நடுவே இருக்கிறது. 1922இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. மண்டேலா சட்டம் படித்த இடம். தூண்கள் நிற்கும் பெருமண்டபத்தின் படிகளை என் தங்கை மகள் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறாள். 2015 அக்டோபரில் கட்டணத்தை 10.5 விழுக்காடு உயர்த்துவதாக அறிவித்தபோது இங்கே தொடங்கிய மாணவர் போராட்டம் நாடு முழுவதும் பரவி, அடுத்த ஆண்டுக்கான உயர்வையே நிறுத்தியது. இன்று அப்படிகளில் பிள்ளைகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். வளாகத்திலும் உலகத் தரவரிசைப் பதாகைகள் தொங்கத்தான் செய்கின்றன. அந்தத் தரவரிசைகள் பெரும்பாலும் ஆராய்ச்சியையும் மேற்கோள்களையும் புகழையும் எடைபோடுபவை. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு முதலாண்டுப் புள்ளியியலை யார் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதை அவை அளப்பதில்லை. பெருமையான பெயர்களையும் நாம் இதே கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

இங்கே சந்தித்த ஒரு முதுகலை மாணவர்தான் உளவியல் பற்றிய உண்மையை எங்களுக்கு முழுதாகச் சொன்னார். மூன்றாண்டுப் பட்டம் தகுதிச் சட்டகத்தில் ஏழாம் நிலை. அதன்பின் எட்டாம் நிலையான ஆனர்ஸ். அதற்கே மதிப்பெண் பார்த்து வடிகட்டுவார்கள். அதன்பின் ஒன்பதாம் நிலையான முதுகலை. தொழில்முறைப் பயிற்சியுள்ள முதுகலையில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுக்கு ஒரு சிலரையே எடுக்கும். பிறகு ஓராண்டு உள்ளகப் பயிற்சி, சுகாதாரத் தொழில்முறைப் பேரவையான எச்பிசிஎஸ்ஏவின் தேர்வு, மருத்துவ உளவியல் என்றால் ஓராண்டு சமூகப் பணியும் உண்டு. இவ்வளவும் முடித்து அந்தப் பேரவையில் பதிந்தால்தான் ஒருவர் தம்மை உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள முடியும். நான்காண்டு பி.சைக் பட்டம் படித்தால் பதிவுபெற்ற ஆலோசகராகலாம். அது வேறு பாதை, நல்ல பாதையும்கூட. கடலோரக் கல்லூரி “பாதை திறந்துவிடும்” என்று சொன்னது பொய் அல்ல. ஆனால் அந்தப் பாதை எவ்வளவு நீளம், எங்கெங்கே குறுகுகிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். என் தங்கை மகளின் முகம் வாடிவிட்டது. அந்த மாணவர் அதைக் கவனித்துவிட்டு, தாம் இரண்டு முறை முதுகலைக்கு மறுக்கப்பட்டு, இடையில் ஒரு பள்ளியில் வேலை பார்த்து, மூன்றாம் முறை உள்ளே வந்ததைச் சொல்லி, “தெரிந்துகொண்டு வருகிறவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள்” என்றார்.

மாலையில் நகரின் வடபகுதியில் ஒரு தனியார் கல்லூரி. காபி 42 ராண்ட். இங்கே பதிவுச் சான்றிதழ் இருந்தது. படிப்பின் சாக்வா எண்ணைக் கேட்டவுடன் எழுதிக் கொடுத்தார்கள். கைப்பேசியில் தேடினோம், பெயரும் நிலையும் 360 கிரெடிட்டும் பொருந்தின. அந்த அளவில் எனக்கு நிறைவு. ஆனால் ஆசிரியர் பட்டியலைக் கேட்டபோது தயங்கினார்கள். கார் நிறுத்துமிடத்தில், வகுப்பை முடித்துவிட்டு வந்த ஓர் ஆசிரியை எங்களிடம் நின்று பேசினார். அவரும் அவருடைய சக ஆசிரியர்கள் பெரும்பாலோரும் மணிக்கணக்கில் ஊதியம் பெறுகிறவர்கள். இன்னும் இரண்டு கல்லூரிகளிலும் பாடம் எடுக்கிறார்கள். வகுப்புக்கு வெளியே மாணவரைச் சந்திக்க அவர்களுக்கு அறையும் இல்லை, நேரமும் இல்லை. “நான் நன்றாகத்தான் சொல்லிக் கொடுக்கிறேன், ஆனால் ஐந்தரை மணிக்கு நான் இன்னொரு ஊரில் இருக்க வேண்டும்” என்றார். அவருடைய நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். அதனாலேயே அந்தக் கல்லூரியின் பெயரை எழுதவில்லை.

மறுநாள் ஆடி பிறக்கிறது என்பதால் அத்தை அன்றிரவு ஆட்டுக்கறிக் குழம்பும் பருப்பும் சோறுமாக மேசையை நிரப்பிவிட்டார். இனி ஆடி முடியும் வரை அந்த வீட்டில் கறி கிடையாது.

ஜூலை 17, வியாழக்கிழமை – பிரிட்டோரியா

மராபாஸ்டாட் மாரியம்மன் கோயிலில் தொடங்கினோம். ஒருகாலத்தில் இதைச் சுற்றி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களை நிறவெறி அரசு லாடியத்துக்கு அப்புறப்படுத்திய பிறகும் கோயில் நகராமல் நிற்கிறது. சுற்றிலும் டாக்ஸி நிலையமும் சந்தையும். ஆடி முதல் நாள் பூசைக்கு வந்திருந்த ஓர் ஐயா, சர்க்கரைப் பொங்கலை இலைக்கிண்ணத்தில் கொடுத்துவிட்டு, தம் பேரன் யுனிசா என்னும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வியில் உளவியல் படிப்பதாகச் சொன்னார். யுனிசாவை நாங்கள் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. நகருக்குள் நுழையும்போது குன்றின் மேல் கப்பல் போல நீண்டு தெரியும் அந்தக் கட்டடம்தான் அது. 1873இல் தோன்றியது; மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள்; மண்டேலா சிறையில் இருந்துகொண்டே சட்டப் பட்டத்தை முடித்தது இதன் வழியாகத்தான். கட்டணம் குறைவு. ஆனால் காலையில் எழுப்புவதற்கு வகுப்பு கிடையாது. பேரன் இரண்டு பாடங்களைத் திரும்ப எழுதுவதாக அந்த ஐயா மறைக்காமல் சொன்னார். என் தங்கை மகள், தனக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வரவில்லை என்று அவளே சொன்னாள்.

ஹாட்ஃபீல்டிலுள்ள பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் ஒரு மணி நேரம் நடந்தோம். இலையுதிர்ந்த ஜக்கரந்தா மரங்கள், மிகச் சுத்தமான வழிகள், சைக்கிள்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அங்கே நாங்கள் எவருடனும் நிதானமாகப் பேச முடியவில்லை.

அன்றைய நாளை நிறைத்தது ஒரு சிறு தனியார் கல்லூரி. பழைய வீடு ஒன்றில் இயங்குகிறது. அதன் கையேடு கறுப்பு வெள்ளையில் நகலெடுத்த நான்கு பக்கம். அதில் ஒரு படம்கூட இல்லை. கோப்பின் அடியில் கிடந்த அதைப் பார்க்க வேண்டுமா என்றே தங்கை யோசித்தாள். பதிவாளர் என்ற அம்மையார் தாமே தேநீர் போட்டுக் கொடுத்து, நான் கேட்டதை முடிப்பதற்குள் ஒரு பேரேட்டைத் திறந்து வைத்தார். ஒவ்வொரு பாடத்திலும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் இடையில் நின்றார்கள், எதனால் நின்றார்கள் என்று ஆண்டுவாரியாக எழுதியிருந்தது. எல்லா எண்களும் நல்ல எண்கள் அல்ல. புள்ளியியலில் ஓராண்டு பாதிப் பேர் தவறியிருந்தார்கள். அதன்பிறகு வாரம் ஒரு கூடுதல் வகுப்பு வைத்திருக்கிறார்கள். இங்கே பட்டம் பெற்று அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆனர்ஸ் சேர்ந்தவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்றும் காட்டினார். தாம் சொல்வதை நாங்கள் நம்ப வேண்டாம், சாக்வாவிலும் துறையின் பதிவேட்டிலும் சரிபார்த்துவிட்டு வாருங்கள் என்றார். சரிபார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தது.

தனியார் கல்லூரிகள் எல்லாம் ஏமாற்று என்று எழுதுவது எளிது. அது உண்மையும் அல்ல, நியாயமும் அல்ல. அரசுப் பல்கலைக்கழகங்கள் 26 மட்டுமே இருக்கும் நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் கிடைக்காது. ஆனால் அந்த அம்மையாரிடம் நான் இன்னொன்றையும் கேட்டேன்: கல்லூரியே மூடிவிட்டால்? 2024இல் நீண்டகாலம் பெயர்பெற்றிருந்த சில தனியார் கல்லூரிகளின் பதிவை, ஆண்டுக் கணக்கறிக்கைகளைக் கொடுக்கவில்லை என்று உயர்கல்வித் துறை ரத்து செய்தபோது, படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் திகைத்து நின்றதை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். அவர் கோபப்படவில்லை. கணக்கறிக்கை துறைக்குப் போன தேதியைக் காட்டினார். ஒவ்வொரு ஆண்டும் சேரும் முன் பதிவேட்டை மறுபடி பாருங்கள் என்றார்.

ஜூலை 18, வெள்ளிக்கிழமை – பிராம்ஃபொன்டைன்

மண்டேலா பிறந்த நாள். வளாகத்துக்கு வெளியே மாணவர்கள், மண்டேலாவின் 67 ஆண்டுப் பொதுவாழ்வை நினைத்து இந்நாளில் செய்யும் 67 நிமிடப் பணியாகச் சூப்பும் ரொட்டியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் தங்கை மகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர்களுடன் நின்று ரொட்டி வெட்டினாள். எந்த அலுவலகத்திலும் கிடைக்காத செய்திகளை அந்த ஒரு மணி நேரத்தில் அவள் சேகரித்து வந்தாள்: எந்த விடுதியில் வெந்நீர் வராது, எந்தத் தெருவில் மாலைக்குப் பின் கைப்பேசியை வெளியே எடுக்கக் கூடாது, மனம் உடைந்தால் போய்ப் பேச இடம் உண்டா.

பிற்பகலில், மாணவர் தங்கும் ஒரு தனியார் கட்டடத்தைப் பார்த்தோம். இணையத்தில் உள்ள படத்தில் மெத்தை, மேசை, சன்னலில் வெயில். நேரில் இரண்டு பேருக்கு ஓர் அறை, மாதம் ஆளுக்கு 5,500 ராண்ட், லிஃப்ட் ஓடவில்லை, சன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர். வளாகத்திலிருந்து ஐந்து நிமிட நடை என்பது உண்மைதான். ஆனால் அது பகல் நடை. குளிர்காலத்தில் இங்கே ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. ஆகவே நாங்கள் காத்திருந்து, நூலகத்திலிருந்து பிள்ளைகள் வெளியேறும் நேரத்தில் அதே வழியை நடந்து பார்த்தோம். விளக்கில்லாத ஒரு முனையில் மூவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். பின்னால் வந்த இரண்டு மாணவிகள், “தனியாகப் போகாதீர்கள், ஆன்ட்டி, எங்களுடன் வாருங்கள்” என்று வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள். தாங்கள் எப்போதும் குழுவாகவே நடப்பதாகச் சொன்னார்கள்.

ஜூலை 19, சனிக்கிழமை – திரும்பும் வழியும் அதற்குப் பின்னும்

கணவாய் இந்த முறை தெளிவாக இருந்தது, மலைகள் துலங்கின. ஹாரிஸ்மித்தில் ஆடி விரதத்துக்கேற்ற உணவு தேடி, கடைசியில் தக்காளி பாலாடைக்கட்டி டோஸ்ட் சாப்பிட்டோம், ஒரு தட்டு 65 ராண்ட். காரிலேயே என் தங்கை மகள் எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே கடிதத்தை எழுதினாள்: சேர்ந்தவர் எத்தனை, உரிய காலத்தில் முடித்தவர் எத்தனை, முழுநேர ஆசிரியர் எத்தனை, இடையில் விலகினால் எவ்வளவு பணம் திரும்பும்.

அரசுப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை, ஓராண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்ற ஆய்வை உயர்கல்வித் துறையே வெளியிடுகிறது. அந்த எண்களும் நம்மைக் கவலைப்படுத்த வேண்டியவை. நேரில் வகுப்பு நடத்தும் பல்கலைக்கழகங்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரே உரிய காலத்தில் முடிக்கிறார் என்று உயர்கல்விப் பேரவை 2013இல் எழுதியது. மூன்றாண்டுக்குப் பணம் சேர்த்த குடும்பம் நான்காம் ஆண்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தங்கை அப்படியே கணக்கைத் திருத்தி எழுதினாள்.

இதை எழுதி முடிக்கும்போது பதில்கள் வந்துவிட்டன. பிரிட்டோரியாவின் சிறு கல்லூரி மறுவேலைநாளே அட்டவணையாக அனுப்பியது. ஜொகன்னஸ்பர்கின் வடபகுதிக் கல்லூரி பணம் திரும்பும் விதிகளை மட்டும் அனுப்பியது. கடலோரக் கல்லூரி கேள்விகளைத் தொடாமல், தள்ளுபடி இம்மாத இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருப்பதாக எழுதியது.

எங்கள் மாகாணப் பல்கலைக்கழகங்களுக்கான மத்திய விண்ணப்ப அலுவலகத்தின் படிவத்தில் என் தங்கை மகள் முதல் விருப்பமாக ஹோவர்ட் கல்லூரியையும் அடுத்து மாரிட்ஸ்பர்கையும் போட்டிருக்கிறாள். விட்வாட்டர்ஸ்ராண்டுக்குத் தனியாக விண்ணப்பிக்கிறாள். இடம் கிடைத்தாலும் விடுதிக்குள்ளேயே அறை கிடைத்தால் மட்டுமே போவது என்று தாயும் மகளும் பேசி முடித்துவிட்டார்கள். இவை எதுவும் அமையாவிட்டால் அந்தப் பழைய வீட்டுக் கல்லூரி. ஹோவர்டில் பார்த்த ஆனர்ஸ் மாணவி, ஆகஸ்டில் ஒரு முதலாண்டு விரிவுரையில் பின்வரிசையில் அமர்ந்து கேட்க ஆசிரியரிடம் அனுமதி வாங்கித் தருவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறாள். மெட்ரிக் முன்தேர்வுக்கு இடையூறு இல்லாத ஒரு நாளை என் தங்கை மகளே குறித்து வைத்திருக்கிறாள்.